மலை வீட்டில் வால்வு ஆம்ப்ளிஃபையர்: வால்வு பொருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வீட்டில் வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையர் வைத்துப் பாட்டுக் கேட்பவர்களுக்காக இது. வால்வைச் சாக்கெட்டில் செருகுவது இரண்டு நிமிட வேலைதான். புது வால்வு மூன்று மாதத்தில் போவதும் வருடக்கணக்கில் உழைப்பதும் அதற்கு முன்னும் பின்னும் செய்கிற வேலையில் இருக்கிறது. மலையில் அந்த வேலையில் பாதி ஈரத்தையும் கரண்டின் ஏற்ற இறக்கத்தையும் சமாளிப்பது.

இங்கே கணக்குகளுக்கு எடுத்துக்கொண்டிருப்பது நான்கு இஎல்34 வால்வுகளும் சில 12ஏஎக்ஸ்7 வகைச் சிறு வால்வுகளும் கொண்ட ஸ்டீரியோ புஷ்-புல் செட், அதாவது ஒவ்வொரு சேனலிலும் இரண்டு பவர் வால்வுகள் மாறி மாறி வேலை செய்யும் வகை. வேறு வால்வு என்றால் எண்கள் மாறும், முறை மாறாது. வால்வுக்குள் சூடேற்றும் இழை ஹீட்டர், எலெக்ட்ரானை விடுவது கேத்தோடு, வாங்குவது பிளேட், நடுவே அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை கிரிட். பாட்டு இல்லாதபோது ஓடும் மின்னோட்டத்தை அளவாக வைக்கக் கிரிட்டுக்குக் கொடுக்கும் மைனஸ் வோல்ட்தான் பயஸ்.

வால்வு மாற்ற செட்டைத் திறக்க வேண்டுமா?

சாக்கெட்டும் பயஸ் பார்க்கும் துளைகளும் மேலேயே இருந்தால் திறக்க வேண்டியதில்லை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்ணாடி ஆறும்வரை 20 நிமிடம் பொறுத்து மாற்றுங்கள். ஓடும் இஎல்34-இன் கண்ணாடி 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

அடிப்பலகையைக் கழற்ற வேண்டியிருந்தால் கதை வேறு. உள்ளே 400 முதல் 500 வோல்ட் டி.சி. இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் (மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் பாகம்) அது தங்கியிருக்கும். உயிரை வாங்கப் போதுமான அளவு அது. 10 கிலோ ஓம், 10 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் நல்ல இன்சுலேஷன் உள்ள ஒயரும் முதலைக் கிளிப்பும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிப்பை முதலில் சேசிஸில் (செட்டின் உலோக உடல்) மாட்டி, மற்றதைக் கண்டென்சரின் பாசிட்டிவில் 20 விநாடி பிடியுங்கள். 220 மைக்ரோஃபாரட் கண்டென்சர்கூட அதற்குள் காலியாகிவிடும். பிறகு மல்டிமீட்டரை டி.சி. 1000 வோல்ட்டில் வைத்து ஒவ்வொரு கண்டென்சரையும் அளந்து, 5 வோல்ட்டுக்குக் கீழே வந்தபின் கை வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். கண்டென்சரின் உள் இணைப்பும் கெடும், உங்கள் கண்ணும் ஆபத்தில் இருக்கும். கண்டென்சர் காலியாகும்வரை ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். இரு கையும் உள்ளே இருந்தால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகும்.

பனிக்காலத்திலும் மழைக்காலத்திலும் செட்டை ஆன் செய்ததும் 'பட்பட்' என்கிறது. வால்வு கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் வால்வு இல்லை, சாக்கெட். இஎல்34-இன் எட்டு முள் ஆக்டல் சாக்கெட்டில் பிளேட் 3-ஆம் முள், ஹீட்டர் 2-ஆம் முள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் 420 வோல்ட், மற்றது ஏறக்குறைய சேசிஸ் மட்டத்தில். நடுவில் சில மில்லிமீட்டர் பேக்லைட் மட்டுமே. அதன்மேல் தூசியும் விறகு அடுப்புப் புகையும் படிந்து, அந்தப் படிவு மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சினால் மின்சாரம் மேற்பரப்பில் ஊர்ந்து ஒரு கரிக்கோடு வரைந்துவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அதனால் அடுத்த முறை இன்னும் எளிதாகப் பொறி பாயும்.

சாக்கெட்டை இப்படிச் சுத்தம் செய்யுங்கள். 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் கொஞ்சம், பல் இடுக்குத் துலக்கும் சின்ன பிரஷ் இரண்டு போதும். பிரஷை நனைத்து ஒவ்வொரு துளையிலும் பத்துப் பன்னிரண்டு முறை ஏற்றி இறக்குங்கள். முள்ளுக்கு முள் இடையே உள்ள மேற்பரப்பையும் துடையுங்கள். ஆல்கஹால் ஆவியாக சமவெளியில் பத்து நிமிடம் ஆகும் என்றால், குளிர்ந்த ஈரக் காற்றில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். எளிதில் தீப்பற்றும் பொருள் அது, கணப்புக்கு அருகில் வைத்துச் செய்யாதீர்கள். எண்ணெய்ப்பசை விட்டுப்போகும் ஸ்ப்ரேக்களைச் சாக்கெட்டில் அடிக்க வேண்டாம், அதன்மேல் தூசி சீக்கிரம் ஒட்டும்.

கரிக்கோடு ஏற்கெனவே விழுந்திருந்தால் துடைப்பதில் பயனில்லை. சுரண்டி எடுத்தாலும் அடியில் கரி மிச்சம் இருக்கும். சாக்கெட்டையே மாற்றுங்கள், பீங்கான் சாக்கெட்டாகப் போடுங்கள்.

குளிர்ந்த அறையிலிருந்து எடுத்துவந்த செட்டை உடனே போடலாமா?

கூடாது. பூட்டிக் கிடந்த அறையில் 8 டிகிரியில் இருந்த செட்டை, கணப்பு எரியும், நாலு பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்குக் கொண்டுவந்தால் அந்தக் குளிர்ந்த இரும்பின்மேல் நீர் முத்துமுத்தாகக் கோக்கும். டிரான்ஸ்ஃபார்மர் ஓரத்திலும் சாக்கெட்டிலும் அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். மூன்று நான்கு மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள். பார்சலில் வந்த வால்வுக்கும் இதே பொறுமை வேண்டும்.

உயரம் பாதிக்குமா? இரண்டாயிரம் மீட்டர் என்று சில செட்டுகளில் போட்டிருக்கிறதே?

பாதிக்கும், அளவோடு. வீட்டு மின்னணுச் சாதனங்களின் பாதுகாப்புத் தரங்களில் முனைகளுக்கு இடையே விட வேண்டிய காற்று இடைவெளி பொதுவாக 2,000 மீட்டர் உயரம்வரை என்று கணக்கிடப்படுகிறது. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர், அதற்குள் அடங்கும். உதகை சுமார் 2,240 மீட்டர். கொடைக்கானலும் 2,000-ஐத் தாண்டியது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைவு. மெலிந்த காற்றில் பொறி இன்னும் குறைந்த வோல்ட்டிலேயே பாயும். ஒழுங்காகக் கட்டிய செட்டில் இதற்கு இடம் விட்டிருப்பார்கள். அழுக்குச் சாக்கெட்டிலும், மலிவான கிட் செட்டில் நெருக்கமாகப் பற்றவைத்த முனைகளிலும்தான் சிக்கல் வருகிறது. அதனால்தான் மேலே சாக்கெட்டைப் பற்றி அவ்வளவு சொன்னோம்.

வெப்பத்தைப் பொறுத்தவரை கவலை குறைவு. வால்வு பெரும்பாலும் கதிர்வீச்சாகவே சூட்டை விடுகிறது, அதற்குக் காற்று தேவையில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்கும் பெரிய ரெசிஸ்டர்களுக்கும்தான் காற்றோட்டம் வேண்டும். பக்கங்களில் 15 சென்டிமீட்டரும் மேலே 30 சென்டிமீட்டரும் விடுங்கள். மழை மாதங்களில் துணி காயாது என்பதற்காகச் செட்டின் மேலோ அருகிலோ ஈரத் துணியைப் போடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. கண்டிப்பாக வேண்டாம். சூடான கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் விரிசல் விடும்.

எந்த வால்வுக்கு எது மாற்று?

இஎல்34-க்கு 6சிஏ7 நேரடி மாற்று. 12ஏஎக்ஸ்7, இசிசி83, 7025 மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாம். 12ஏயு7 என்பது இசிசி82, 12ஏடி7 என்பது இசிசி81. முள் அமைப்பு ஒன்றானாலும் பெருக்கம் வேறு: 12ஏஎக்ஸ்7-க்கு 100, 12ஏடி7-க்கு 60, 12ஏயு7-க்கு 20-க்குச் சற்றுக் கீழே. இடம் மாற்றிப் போட்டால் உடனே வெடித்துவிடாது, ஆனால் சர்க்யூட் நினைத்தபடி வேலை செய்யாது.

உருவத்தைப் பார்த்து ஏமாறக்கூடிய இடங்கள் சில உண்டு. ரஷ்ய 6என்2பி, 12ஏஎக்ஸ்7 போலவே ஒன்பது முள்ளோடு இருக்கும், பெருக்கமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் அதன் ஹீட்டர் 4, 5 முட்களுக்கு இடையே 6.3 வோல்ட். 12ஏஎக்ஸ்7-இல் அதே முட்களுக்கு இடையே 12.6 வோல்ட், 9-ஆம் முள் நடு இணைப்பு. இசிசி88-க்கும் இதே ஹீட்டர் வேறுபாடு உண்டு, போதாததற்கு அது தாங்கும் பிளேட் வோல்ட்டும் மிகக் குறைவு.

இஎல்34 இருந்த இடத்தில் 6எல்6ஜிசி போடலாமா என்றும் கேட்கிறார்கள். பயஸை மாற்றி அமைக்க முடிகிற செட்டில், தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டும். மறுபக்கமாக, 6எல்6-க்கென்று கட்டிய செட்டில் இஎல்34 போடுவதில் இரண்டு தடைகள். ஹீட்டர் 0.9 ஆம்பியருக்குப் பதில் 1.5 ஆம்பியர் கேட்கும், நான்கு வால்வுக்கு 2.4 ஆம்பியர் கூடுதல், டிரான்ஸ்ஃபார்மர் சுடும். இஎல்34-இன் 1-ஆம் முள்ளில் சப்ரெஸர் கிரிட் என்னும் இன்னொரு கிரிட் இருக்கிறது, அதை 8-ஆம் முள்ளான கேத்தோடோடு இணைத்தாக வேண்டும். 6எல்6 செட்டில் 1-ஆம் முனையை வேறு ஒயருக்கு இணைப்பிடமாகப் பயன்படுத்தியிருப்பார்கள்.

ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வில் 5யு4ஜி-க்குப் பதில் ஜிஇசட்34 போட்டால் வோல்ட் இழப்பு குறைந்து, ஹைடென்ஷன் (பிளேட்டுக்குப் போகும் உயர் வோல்ட்) சில பத்து வோல்ட் ஏறும். பயஸை மீண்டும் வைக்காமல் விடாதீர்கள். கண்டென்சரின் வோல்ட் தாங்குதிறனையும் பாருங்கள்.

பழைய பெல் வால்வுகள் வாங்கலாமா?

பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த வால்வுகள் பழைய ரேடியோக்களிலும் ரிப்பேர் கடை டப்பாக்களிலும் இன்னும் கிடைக்கின்றன. நல்ல நிலையில் இருப்பவை அருமையான வால்வுகள். சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம் தேடுபவர்கள் கையிலெடுத்ததும் மூன்றைப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருக்கிறதா? பால் வெள்ளையாக இருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, வாங்காதீர்கள். மல்டிமீட்டரில் ஹீட்டர் தொடர்பு இருக்கிறதா? இஎல்84-இல் 4, 5 முட்கள், இஎல்34-இல் 2, 7. மூன்றாவது, மெதுவாகச் சாய்த்தால் உள்ளே ஏதாவது உருளுகிறதா? இவை கழிக்க உதவும் சோதனைகள். வால்வில் பலம் மிச்சம் இருக்கிறதா என்று டெஸ்டரில்தான் தெரியும்.

பவர் வால்வுகளை ஜோடி பொருத்தித்தான் வாங்க வேண்டும். ஒரு சேனலின் இரண்டும் ஒரே அளவு மின்னோட்டம் எடுக்காவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரு பாதிகளும் ஈடாகாமல் இரும்பு ஒருபக்கம் காந்தமேறும். பாஸ் ஒலி தளர்ந்து போகும், ஹம் என்னும் உறுமலும் கூடும்.

செருகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஆக்டல் வால்வை அடியிலுள்ள பேஸைப் பிடித்துத்தான் செருகவும் எடுக்கவும் வேண்டும். கண்ணாடியைப் பிடித்து ஆட்டினால் பேஸிலிருந்து பெயர்ந்துவிடும். நடுத்தண்டில் ஒரு புடைப்பு இருக்கும், அது சாக்கெட்டின் பள்ளத்தில் உட்கார வேண்டும். தண்டு உடைந்த பழைய வால்வைப் பயன்படுத்தவே வேண்டாம். தப்பான கோணத்தில் செருகினால் 420 வோல்ட் கிரிட்டிலோ ஹீட்டரிலோ போய்விடும்.

ஒன்பது முள் வால்வுக்குத் தண்டு கிடையாது. முட்களுக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளிதான் அடையாளம். முட்கள் மெல்லியவை, வளைந்திருந்தால் நுனி மூக்குக் குறடால் மெல்ல நிமிர்த்துங்கள். முள் கண்ணாடியில் நுழையும் இடத்தில் அழுத்தம் விழக் கூடாது. மயிரிழை விரிசல் போதும், சில நாளில் பூச்சு வெளுத்துவிடும். நேராக வைத்துச் சீராக அழுத்துங்கள், திருகாதீர்கள். வெளியே எடுக்கும்போது மிகச் சிறிய வட்டமாக அசைத்து மேலே இழுங்கள்.

வால்வு தளர்வாக ஆடினால் சாக்கெட்டின் பித்தளைக் கவ்வி விரிந்திருக்கிறது. கண்டென்சர் காலியான செட்டில், தடித்த தையல் ஊசியால் கவ்வியை உள்பக்கமாக நெருக்கலாம். இதை அலட்சியம் செய்யாதீர்கள். 5-ஆம் முள்ளில் தொடர்பு விட்டுவிட்டால் கிரிட்டுக்குப் பயஸ் போகாது, வால்வு சிவந்து எரியும்.

விரல்ரேகை பட்டால் வால்வு கெடும் என்பது ஹாலஜன் விளக்குக்கு உரிய எச்சரிக்கை. இங்கே பொருந்தாது.

புது வால்வு போட்டு முதல் முறை ஆன் செய்வது எப்படி?

ஸ்பீக்கர் இணைத்திருக்க வேண்டும், அல்லது சேனலுக்கு ஒரு 8 ஓம் 50 வாட் ரெசிஸ்டர். சுமை இல்லாமல் ஓட்டிச் சத்தம் கொடுத்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எழும் உயர் வோல்ட் அதன் சுற்றையே ஓட்டையாக்கிவிடும். அதுதான் செட்டிலேயே விலை உயர்ந்த பாகம். வால்யூம் பூஜ்யம். பயஸ் திருகுகள் எல்லாம் மின்னோட்டம் மிகக் குறைவாக இருக்கும் பக்கம்.

ரிப்பேர் கடைகளில் இருக்கும் சீரிஸ் போர்டு ஒன்றை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கரண்ட் ஒரு பல்பு வழியாகத்தான் செட்டுக்குப் போகும். 100 வாட் குண்டு பல்பு போதும், எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. ஆன் செய்ததும் பல்பு பிரகாசமாகி, தணிந்து, ஹைடென்ஷன் ஏறும்போது மிதமாக எரிய வேண்டும். தணியாமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். எல்லாம் சரியென்றால் சீரிஸை விலக்கி நேரடியாகக் கொடுங்கள். சீரிஸில் இருக்கும்போது பயஸ் வைக்கக் கூடாது, வோல்ட் குறைந்திருப்பதால் எல்லா அளவும் பொய்யாக இருக்கும்.

ஃபியூஸ் போனால் அதே அளவு, அதே ஸ்லோ-ப்ளோ வகை. பெரிய ஃபியூஸோ ஒயர் இழையோ போட்டால் அடுத்து எரிவது டிரான்ஸ்ஃபார்மர்.

பயஸ் எவ்வளவு வைக்க வேண்டும்?

செட்டோடு வந்த கையேட்டில் எண் இருந்தால் அதுவே முடிவு. இல்லையென்றால் கணக்குப் போடுங்கள். இஎல்34-இன் பிளேட் தாங்கும் சக்தி 25 வாட். நிரந்தர பயஸ் (திருகால் வைக்கும் வகை) புஷ்-புல் செட்டில் அதில் 60 முதல் 70 சதவீதம், அதாவது 15 முதல் 17.5 வாட். பிளேட்டில் 420 வோல்ட் என்றால் 36 முதல் 41 மில்லியாம்ப். வீட்டுக் கேட்பிற்கு 36-ஐ ஒட்டி வைப்பதே எங்கள் பரிந்துரை. ஒலியில் காது பிரித்தறியும் வித்தியாசம் மிகச் சிறிது, ஆயுளில் கிடைப்பது நிறைய.

அளப்பது கேத்தோடு ரெசிஸ்டரின் குறுக்கே. 10 ஓம் என்றால் 0.36 வோல்ட், 1 ஓம் என்றால் 36 மில்லிவோல்ட். கேத்தோடில் தெரிவது பிளேட்டும் ஸ்கிரீன் என்னும் இரண்டாம் கிரிட்டும் சேர்ந்த மின்னோட்டம், ஆகவே பிளேட்டில் ஓடுவது இதைவிடச் சற்றுக் குறைவுதான். அந்தப் பிழை நமக்குச் சாதகம்.

பத்து நிமிடம் சூடேறியபின் நான்கு வால்வையும் 25 மில்லியாம்ப்புக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றை ஏற்றினால் மற்றவை இறங்கும் என்பதால் அங்கிருந்து 36 வரை இரண்டு மூன்று சுற்றாக ஏற்றுங்கள். 40 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். டிசம்பர், ஜனவரி குளிரில் செட் நிலைக்கு வர ஒரு மணி நேரம்கூட ஆகும். புது வால்வு என்றால் 20, 30 மணி நேர ஓட்டத்துக்குப் பின் இன்னொரு முறை.

கேத்தோடு ரெசிஸ்டரே பயஸைத் தரும் செட்டுகளில் திருக ஒன்றுமில்லை. இஎல்84 போட்ட சிறு செட்டுகளில் இதுதான் வழக்கம்.

இரவில் ஒரு வோல்ட், மாலையில் ஒரு வோல்ட். எப்போது பயஸ் வைப்பது?

வோல்ட் அதிகமாக இருக்கும் நேரத்தில். இதை யாரும் கவனிப்பதில்லை, வால்வுகள் முன்கூட்டியே போவதற்கு மலைப்பகுதியில் முக்கியக் காரணம் இதுதான். சீசன் நாட்களில் மாலை ஏழு மணிக்கு விடுதிகளிலும் வீடுகளிலும் கீசரும் ஹீட்டரும் ஓடும்போது லைனின் கடைசியிலுள்ள வீட்டில் 205 வோல்ட்டாக இறங்கலாம். நள்ளிரவில் அதே சுவரில் 250 இருக்கலாம். 205-இல் பிளேட் 420 வோல்ட் என்று பார்த்து 40 மில்லியாம்ப் வைத்தால், 250-இல் பிளேட் 510-ஐத் தொடும். மின்னோட்டம் அப்படியே நின்றாலும் 20 வாட்டைத் தாண்டிவிட்டது, அது அப்படியே நிற்கவும் செய்யாது. பயஸ் எண்ணை எழுதும்போது சுவர் வோல்ட்டையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

ஹீட்டருக்கும் இதில் பங்கு உண்டு. 6.3 வோல்ட்டில் பத்து சதவீதம் கூடக் குறையத்தான் அனுமதி. 230-க்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் அது 207 முதல் 253 வரை. அதற்கு வெளியே அடிக்கடி போகும் வீட்டுக்கு ஸ்டெபிலைசர் தேவை. ரிலே வகை ஒவ்வொரு முறை தாவும்போதும் ஸ்பீக்கரில் கேட்கும், சர்வோ வகை நல்லது. இன்வெர்ட்டரில் ஓட்டினால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும்.

மரம் விழுந்து கரண்ட் போனால் செட்டின் சுவிட்சை உடனே அணையுங்கள். திரும்ப வரும் கரண்ட் பலமுறை விட்டுவிட்டு, ஏறிய வோல்ட்டோடு வரும். வந்து ஐந்து நிமிடம் நிலையாக நின்றபின் போடுங்கள். இடி இடிக்கும் மாலைகளில் ப்ளக்கையே பிடுங்கிவிடுவது ஒன்றே காப்பு.

ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் செட்டுக்கு 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போதுமா?

போதாது. 110 கொடுத்தால் ஹீட்டர் 6.93 வோல்ட்டாகிறது, எல்லையின் விளிம்பு. சுவரில் 240 இருந்தால் எல்லை தாண்டிவிட்டது. 100 வோல்ட்டுக்கே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், செட் 200 வாட் எடுத்தால் 400 விஏ அளவில். அமெரிக்கச் செட் என்றால் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கட்டியதா என்று பின்பலகையில் பாருங்கள். நம் 50 ஹெர்ட்ஸில் அதன் இரும்பு 20 சதவீதம் கூடுதல் காந்தப்பாய்வைச் சுமக்கும், சுடும், உறுமும்.

ஒரு வால்வின் பிளேட் சிவக்கிறது. நீல ஒளியும் தெரிகிறது.

இரண்டும் வேறு. கண்ணாடியின் உட்புறத்தில் படர்ந்த மெல்லிய நீலம் இயல்பானது, நல்ல வால்விலும் தெரியும். மின்முனைகளுக்கு நடுவே ஊதாப் புகையாக நிறைந்தால் உள்ளே வாயு இருக்கிறது, வால்வு முடிந்தது.

பிளேட் சிவந்தால் யோசிக்காமல் அணையுங்கள். ஆறியபின் அந்த வால்வைப் பக்கத்துச் சாக்கெட்டோடு இடம் மாற்றி, பயஸைக் குறைத்து வைத்துப் பாருங்கள். சிவப்பு வால்வோடு போனால் குற்றம் வால்வில். அதே சாக்கெட்டிலேயே நின்றால், அந்த ஒரு வால்வை மட்டும் எடுத்துவிட்டு 5-ஆம் முனையின் வோல்ட்டை அளந்து பக்கத்துச் சாக்கெட்டோடு ஒப்பிடுங்கள். ஒன்றில் மைனஸ் 40, இதில் மைனஸ் 15 என்றால் முந்தைய நிலையிலிருந்து கிரிட்டுக்கு ஒலியை மட்டும் கடத்தும் கப்ளிங் கண்டென்சர் கசிகிறது. பழைய காகிதக் கண்டென்சர்கள் மலை ஈரத்தில் கசியாமல் இருப்பதே அபூர்வம். அதே மதிப்பில், 630 வோல்ட் பாலிபுரொபிலீன் வகை போடுங்கள். பயஸ் திருகின் தொடர்பு விட்டிருந்தாலும் இதே அறிகுறி வரும்.

நடந்தால் ஸ்பீக்கரில் 'டிங்' என்று கேட்கிறது.

பழைய பங்களாக்களின் மரத்தளம் காலடியை அப்படியே மேசைக்குக் கடத்தும். சிறு வால்வின் உள்ளே தளர்ந்த கிரிட் அதை ஒலியாக்குகிறது. பென்சிலின் மரப்பக்கத்தால் ஒவ்வொரு சிறு வால்வையும் மெல்லத் தட்டினால் எது மணியடிக்கிறது என்று தெரியும். அதை முதல் நிலையிலிருந்து பின்னிலைக்கு மாற்றுங்கள், அங்கிருந்து அந்த ஒலி பெருகுவது குறைவு. செட்டைத் தளத்தின் நடுவிலிருந்து சுவரோரமாக, கடப்பைக்கல் பலகைமேல் வைப்பதும் உதவும்.

எர்த் முள்ளை எடுத்துவிட்டால் ஹம் நின்றுவிடுகிறதே?

நிற்கும், சேசிஸ் உயிர் வாங்கும் நிலைக்கும் வரும். அதைச் செய்யவே கூடாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஏ.சி. வோல்ட் அளந்து, நான்கைந்துக்கு மேல் இருந்தால் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியையும் நியூட்ரல் இணைப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பாறை மண்ணில் எர்த் பிடிப்பது கடினம். ஆம்ப்ளிஃபையர், டர்ன்டேபிள், டி.வி. எல்லாம் ஒரே பலகையில் மின்சாரம் எடுத்தால் பாதி ஹம் அடங்கும்.

வால்வில் ஒட்டிய லேபிள் பசையை நீலகிரித் தைலத்தால் எடுக்கலாமா?

எடுக்கலாம், நன்றாகக் கரைக்கும். அச்சிட்ட எழுத்தையும் சேர்த்துக் கரைக்கும் என்பதால் அந்தப் பக்கம் போகாதீர்கள். பிறகு ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். சாக்கெட்டிலும் முள்ளிலும் தைலம் வேண்டாம்.

உதகையிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டி இறக்கத்தில் செட்டைக் காரில் கொண்டுபோக வேண்டும்.

36 கொண்டை ஊசி வளைவு. வால்வு எல்லாவற்றையும் கழற்றி, எந்தச் சாக்கெட்டில் இருந்தது என்று எண் போட்டு, தனித்தனியாகச் சுற்றுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கனம் என்பதால் அந்தப் பக்கத்துக்கு முட்டுக் கொடுங்கள்.

வீட்டை மாதக்கணக்கில் பூட்டிவிட்டுப் போகிறோம்.

செட் முழுதும் ஆறியபின், உலர்ந்த ஒரு நாளில், தடித்த பாலிதீன் பையில் 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வைத்து வாயை இறுகக் கட்டுங்கள். திறந்த அலமாரியில் சிலிக்கா ஜெல் வைத்துப் பயனில்லை, ஒரே வாரத்தில் அது நிறைந்துவிடும். ஈர மாதங்களில் வீட்டில் இருப்பவர்கள் வாரம் ஒரு மணி நேரமாவது ஓட்டினால் செட்டின் சூடே அதை உலர்த்திவிடும்.

ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த செட்டில் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சரின் ஆக்சைடு படலம் மெலிந்திருக்கும். டையோடு ரெக்டிஃபையர் செட் என்றால் டிம்மர்ஸ்டாட்டில் (வோல்ட்டைக் கையால் திருகி ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர்) 70, 110, 150, 190, 230 என்று ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் நிறுத்தி ஏற்றுங்கள். நடுவில் கண்டென்சர் சுட்டால் அதை மாற்ற வேண்டும். வால்வு ரெக்டிஃபையர் செட்டில் இந்த முறை சரிவராது. குறைந்த வோல்ட்டில் அந்த வால்வின் ஹீட்டரே சூடாகாது, சூடாகும்போது ஹைடென்ஷன் திடீரென்று வந்துவிடும். அதற்குச் சீரிஸ் பல்புதான் பாதுகாப்பு, பத்து நிமிடம் பல்பு மங்கலாகவே நின்றால் நேரடியாகக் கொடுக்கலாம்.